விடுதியில் பழகிய உடம்பு

ஜூன் பிறந்தால் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் டிரங்குப் பெட்டிகள் தென்படத் தொடங்கும். மூடியில் வெள்ளை பெயிண்டில் பிள்ளையின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு சிறுவன், பக்கத்தில் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு அம்மா, பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா. குன்னூர் போய்ச் சேர 14 கொண்டை ஊசி வளைவுகள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்களிலும் இதே காட்சிதான். வழியனுப்ப வந்த பெரியவர் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்: "இரண்டு வாரம் போனால் பழகிவிடும்."

பழகித்தான் விடுகிறது. 1985இல் எட்டு வயதில், மூன்றாம் வகுப்பில் சேர, காங்கேயம் பக்கமிருந்து நானும் அப்படித்தான் மலையேறினேன். மூன்றாவது வாரம் வார்டன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் "பையன் நன்றாகப் பழகிவிட்டான்" என்று இருந்தது. அந்தக் கடிதம் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. என் அழுகை நின்றிருந்தது. அழுகை நின்ற பிறகு ஒரு பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது, 40, 50 வயதில் அது எங்கே வெளிப்படுகிறது என்பதைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் ஓரளவு சொல்லியிருக்கின்றன. தமிழில் அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

மலைமேல் விடுதிப் பள்ளிகள் முளைத்ததே உடம்பின் பெயரால்தான். சமவெளியின் காலராவும் மலேரியாவும் ஐரோப்பியர் வீட்டுக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் ஊட்டி, நோயுற்ற வெள்ளையர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் ஊராயிற்று. முந்தைய ஆண்டு லக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்சின் பெயரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் ஊட்டியில் தொடங்கிய லாரன்ஸ் அசைலம்தான் இன்றைய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி. மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்ப மனமில்லாமல் 1901இல் அங்கேயே பள்ளி தொடங்கினார்கள். கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதன் தொடர்ச்சி. குளிர்ந்த காற்று, நல்ல தண்ணீர், பால், கண்டிப்பு ஆகியவை ஒரு பிள்ளைக்குப் போதும் என்று நம்பினார்கள். ஆரோக்கியத்துக்காகச் செய்யும் பிரிவே ஆரோக்கியத்தைத் தொடக்கூடும் என்ற எண்ணம் அன்றைய மருத்துவத்துக்கு இல்லை. அந்தப் பழைய நம்பிக்கையின் மிச்சத்தை இன்றும் பள்ளி விளம்பரங்களில் பார்க்கிறேன்.

இன்றைய விடுதிகள் ஒரே வகையானவை அல்ல. ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம் வாங்கும் பள்ளிகள் உண்டு. திருப்பூர், ஈரோடு, கேரளப் பக்கத்து வியாபாரிகளும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் பிள்ளைகளைச் சேர்க்கும் நடுத்தரப் பள்ளிகள் உண்டு. அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. இந்த மூன்றிலும் பிள்ளைகளின் தட்டில் விழுவது வேறு, கூடத்தில் கட்டில்களின் நெருக்கம் வேறு, வீட்டுக்குப் போகும் வழி வேறு. பத்து வயதுக்குள் தன் ஆட்களைவிட்டுப் பிரிந்து உறங்குவது மட்டும் மூன்றுக்கும் பொது.

அந்தப் பிரிவை மருத்துவத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜான் பௌல்பி. அவரே சிறுவயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அவர் எழுதிய அறிக்கை, தாயின் அல்லது தாய்க்கு நிகரான ஒருவரின் இடையறாத அன்பு குழந்தையின் மனநலத்துக்கு அடிப்படை என்று சொன்னது. அவரும் ஜேம்ஸ் ராபர்ட்சனும், மருத்துவமனைகளில் பெற்றோர் இல்லாமல் விடப்பட்ட சிறு குழந்தைகளைக் கவனித்து மூன்று கட்டங்களைப் பிரித்துச் சொன்னார்கள். முதலில் எதிர்ப்பு: குழந்தை அழும், கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்து நம்பிக்கை இழப்பு: ஓய்ந்து கிடக்கும். மூன்றாவதாக விலகல்: சாப்பிடும், விளையாடும், செவிலியரைப் பார்த்துச் சிரிக்கும்; அம்மா பார்க்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மருத்துவமனைக்காரர்கள் இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான் குழந்தை பழகிவிட்டது என்று நிம்மதி அடைந்தார்கள். பௌல்பியும் ராபர்ட்சனும் கவனித்தவை இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிழமை தெரியும், விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று சுவரில் கோடு கிழித்து எண்ணத் தெரியும். ஆகவே அந்த முடிவை அப்படியே விடுதிக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அழாத பிள்ளை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில் உள்ள பிழையை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

உடம்புக்குள் நடப்பது இது. அச்சம் வந்தால் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும். அது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கும். சர்க்கரை ஏறும், அதோடு சுரக்கும் அட்ரினலினால் இதயம் வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் உயரும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிவிடும். ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். பெரியவர்களுக்குத் தாங்களே இறங்கிக்கொள்ளத் தெரியும். சிறு பிள்ளைக்கு அதை இறக்கிவைப்பது பெரும்பாலும் இன்னொருவரின் மடிதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் மேகன் கன்னரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசச் சொன்னபோது, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பக்கத்தில் இருந்து தேற்றினால் கார்டிசால் ஏறவில்லை. 15, 16 வயதினருக்கு அந்தத் துணையால் அப்படி ஒரு பயன் தெரியவில்லை. எட்டு வயதில் விடுதிக்குப் போவதும் பிளஸ் ஒன் படிக்கப் போவதும் ஒன்றல்ல என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்தச் சோதனை ஒரு காரணம்.

இறங்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மலைப்பாதை ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கல்லாறு வருவதற்குள் தீய்ந்த வாடை வந்துவிடும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தேய்வது உள்ளே இருக்கும் லைனிங். புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியல் அறிஞர் 1993இல் எலியட் ஸ்டெல்லருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்தத் தேய்மானத்துக்கு 'அலோஸ்டேடிக் லோட்' என்று பெயர் கொடுத்தார். சூழ்நிலைக்கு ஈடுகொடுத்துக்கொண்டே இருப்பதற்கு உடம்பு செலுத்தும் விலை என்று அதைத் தமிழில் சொல்லலாம். இரத்தக்குழாய், இன்சுலின், நோய் எதிர்ப்பு, தூக்கம் என்று நாலு பக்கமும் அது தேய்க்கிறது.

பிள்ளைப் பருவப் பிரிவு அறுபது வயது உடம்பில் தெரியுமா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த நல்ல விடை பின்லாந்திலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 குழந்தைகளைக் கழுத்தில் பெயர் அட்டை கட்டி, பெற்றோர் துணையில்லாமல் ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் அனுப்பினார்கள். பெரும்பாலானவர்களுக்கு நல்ல வீடு, நல்ல சாப்பாடு. குண்டுமழை இல்லை. போர் முடிந்து பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். ஹெல்சிங்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில் இவர்களில் பலர் இருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியபோது, ஊரிலேயே பெற்றோருடன் குண்டுச் சத்தத்தில் வளர்ந்தவர்களைவிட, பிரித்து அனுப்பப்பட்டவர்களிடம் இதயநோயும் நீரிழிவும் கூடுதலாக இருந்தன. மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதல். சோதனைக்கூடத்தில் ஒரு பதற்றமான வேலையைக் கொடுத்து எச்சிலைச் சோதித்தால் கார்டிசால் கூடுதல். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகும் உடம்பு அந்தப் பிரிவை மறக்கவில்லை. வசதியான இடத்துக்குப் பாதுகாப்புக்காக அனுப்பிய பிள்ளைகள் இவர்கள் என்பதால்தான் இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நம் மலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வருவதும் பெற்றவர்களின் நல்லெண்ணத்தால்தானே?

ஹார்மோன் கண்ணுக்குத் தெரியாது. விடுதியில் கண்ணுக்குத் தெரிவது படுக்கை விரிப்பு. ஏழு வயதில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். அதை நிறுத்தியிருந்த பிள்ளையும் புது இடத்தின் கலக்கத்தில் மறுபடி தொடங்குவது உண்டு. குளிரில் சிறுநீர் கூடுதலாகச் சேரும் என்பதும் உடலியல். ஆகவே குன்னூர்க் குளிரில் 40 கட்டில் போட்ட கூடத்தில் இரண்டு முதல் நாலு பேருக்கு அது நடந்தே தீரும். எங்கள் கூடத்தில் மூன்று பேர். நான் அதில் ஒருவன். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழை பிடித்தால் துணி மூன்று நாளானாலும் காயாது. ஈர விரிப்பைக் கொடியில் போட்டால் காலை வரிசைக்குப் போகும் அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குப் பயந்து, விளக்கு வருவதற்கு முன்பே எழுந்து விரிப்பை மடித்து ஈரத்தை அடியில் வைத்து அதன்மேலேயே படுத்துக்கொள்வேன். சாயங்காலம் நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிக்கமாட்டேன். நாக்கு ஒட்டும், ஆனாலும் குடிக்கமாட்டேன்.

அந்த ஒரு பழக்கத்திலிருந்து எத்தனை தொல்லைகள் கிளைக்கின்றன என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல். மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை நெருக்கிப் படுக்கை நனைவதை இன்னும் அதிகமாக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தாரையில் தொற்று வரும். கழிப்பறை தூரமாக இருந்து, இருட்டில் போகப் பயந்து அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்கும் இதே கதைதான். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் கெடும். ஆழ்ந்து தூங்கினால் நனைந்துவிடும் என்று அஞ்சும் பிள்ளை ஆழ்ந்து தூங்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. நெடுநாள் குறைந்த தூக்கம் இரத்த அழுத்தத்தோடும் நீரிழிவோடும் உடல் பருமனோடும் தொடர்புடையது என்பதில் மருத்துவர்களுக்கு இன்று கருத்து வேறுபாடு இல்லை.

நெருக்கமான கட்டில்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, பலர் ஒரே கூடத்தில் உறங்கும் இடங்களில் எளிதாகப் பரவும். கவனிக்காமல் விட்ட தொண்டைவலி இரண்டு, மூன்று வாரம் கழித்துச் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். ஐந்து முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளே இதற்கு அதிகம் ஆளாகிறார்கள். பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று உறுதியானதே, அமெரிக்காவில் இளம் படைவீரர்கள் கூட்டமாகத் தங்கிய ஒரு விமானப்படைத் தளத்தில், 1950ஆம் ஆண்டு வாக்கில்தான். வால்வுக் கேடு பல ஆண்டுகள் ஓசையில்லாமல் இருந்து, இருபதுகளில் மாடி ஏறும்போதோ, பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றின்போதோ மூச்சிரைப்பாக வெளிப்படும். மலைக் குளிரில் தொண்டைவலியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தைலத்தைத் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போ என்பார்கள். நீலகிரித் தைலத்தின் வாடை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது கிருமியைக் கொல்லாது.

இனி, சக பிள்ளைகளின் கொடுமை. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், ஏழு, பதினோரு வயதில் பிற பிள்ளைகளின் தொல்லைக்கு ஆளானவர்கள் 50 வயதிலும் மனச்சோர்வாலும் உடல்நலக் குறைவாலும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 2014இல் வெளியான அந்தக் கட்டுரை 7,771 பேரைப் பற்றியது. அடுத்த ஆண்டுக் கட்டுரை, 45 வயதில் அவர்கள் இரத்தத்தில் அழற்சியின் அடையாளமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அழற்சி என்பது மாரடைப்புக்கு முன்னோடி. பகல் பள்ளியில் நாலு மணிக்கு மணி அடித்தால் அடிப்பவனிடமிருந்து தப்பி வீட்டுக்கு ஓடிவிடலாம். விடுதியில் அவன் அடுத்த கட்டிலில் படுத்திருப்பான்.

சிறுவயதுத் துன்பத்துக்கும் முதுமை நோய்க்கும் உள்ள தொடர்பைப் பேசும் எவரும் 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட, அமெரிக்காவின் சான் டியேகோவில் செய்த ஆய்வைச் சொல்லாமல் விடுவதில்லை. அடி, வசை, பாலியல் வன்கொடுமை, வீட்டில் குடி போன்ற துன்பங்களில் நாலு வகைகளையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு. இதயநோய், நுரையீரல் நோய், ஈரல் நோயும் துன்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறின. அந்தப் பட்டியலில் விடுதி இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். விடுதி தன்னளவில் துன்பம் ஆகாது. குடிகார அப்பாவிடமிருந்து தப்பி, விடுதியில்தான் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த எண்ணிக்கையை வைத்துத் தனி ஒருவருக்கு ஜாதகம் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார்.

இங்கேதான் ஆய்வுகளின் முடிச்சு இருக்கிறது. விடுதிக்குப் போன பிள்ளைக்குப் பின்னாளில் நோய் வந்தால், அது விடுதியால் வந்ததா, விடுதிக்கு அனுப்ப வைத்த வீட்டு நிலையால் வந்ததா? அம்மா இறந்திருக்கலாம், பெற்றோர் பிரிந்திருக்கலாம், கடன் இருந்திருக்கலாம். இதைப் பிரித்தறிவது கடினம். பிரிட்டனின் உளவியல் சிகிச்சையாளர் ஜாய் ஷாவேரியன் 2011இல், சிறுவயதில் விடுதிக்குப் போனவர்களிடம் கண்ட ஒரு கூட்டு நிலைக்கு 'விடுதிப் பள்ளி நோய்க்குறி' என்று பெயரிட்டார். கைவிடப்பட்ட உணர்வு, இழப்பின் துயரம், சிறைப்பட்ட உணர்வு, தன்னிலிருந்தே விலகி நிற்றல் என்று நாலு கூறுகளைச் சொன்னார். அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களிடமிருந்து எழுந்த கருத்து அது; மருத்துவத்தின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அதற்கு இடமில்லை. நலமாக இருப்பவர்கள் சிகிச்சையாளரிடம் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் விடுதி மாணவர்களுக்கும் பகல் மாணவர்களுக்கும் மனநலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அவர்கள் உயர்நிலைப் பள்ளி வயதினர். பிரான்சில் ஏழை மாணவர்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். அதனால் ஒப்பிட வசதியாயிற்று. முதலாண்டில் விடுதி மாணவர்களின் மனநிறைவு குறைந்தது. இரண்டாம் ஆண்டில் மீண்டது. கணக்கில் முன்னேற்றமும் வந்தது, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் வந்தடைந்த முடிவு ஒன்றுதான். எந்த வயதில் போனது, போன இடத்தில் அழுவதற்கு ஆள் இருந்ததா என்ற இரண்டையும் கேட்காமல் விடுதி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருள் இல்லை.

அழுவதற்கு ஆள் என்றால் மொழியும் வேண்டும். கூடலூர், பந்தலூர்க் காடுகளிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிக்கு வரும் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசுவது தமிழ் அல்ல. வயிறு வலிக்கிறது என்பதை அவர்கள் அம்மாவிடம் சொன்ன சொல்லில் வார்டனிடம் சொல்ல முடியாது. கிழங்கும் கீரையும் தேனும் தின்ற நாக்குக்கு மூன்று வேளையும் சோறு. காட்டில் தனியாகத் திரியும் பிள்ளைக்கு மணிக்கு மணி அட்டவணை. ஓடிப்போகும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்பதும், பழங்குடியினருக்குப் படிப்பில் நாட்டமில்லை என்பதும் மலையில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. எனக்கு அது கோபத்தை உண்டாக்குகிறது. எட்டு வயதில் நானும் ஓடிப்போக நினைத்தவன்தான். எனக்கு வழி தெரியவில்லை; அவர்களுக்குத் தெரிகிறது.

நீலகிரிக்கே உரிய ஒரு மருத்துவச் செய்தியும் இதில் உண்டு. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய் அரிவாள் செல் இரத்தசோகை. இந்தியாவில் அதன் மரபணு இருப்பதை 1952இல் முதன்முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இந்த நோய் உள்ள பிள்ளைக்குக் குளிர், காய்ச்சல், தண்ணீர் குறைவு ஆகிய மூன்றும் எலும்பைப் பிளக்கும் வலியைத் தூண்டக்கூடியவை. படுக்கை நனையும் என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஒரு பணியர் சிறுமியை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தாகமாக மட்டும் இருந்தது அவளை மருத்துவமனையில் சேர்த்துவிடும்.

பழங்குடிப் பிள்ளைகளின் விடுதி என்றதும் கனடாவைச் சொல்லாமல் நகர முடியாது. அங்கே 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்து, தாய்மொழியை அழிக்கும் நோக்கத்தோடு விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். அரசு மருத்துவர் பீட்டர் பிரைஸ் 1907இலேயே, தாம் விவரம் திரட்டிய பள்ளிகளின் மாணவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்துவிட்டதாகவும், காசநோயே பெருங்காரணம் என்றும் அறிக்கை கொடுத்தார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல்தான் முழு அறிக்கையை வெளியிட்டது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களின் உடல்நலம் மட்டுமல்ல, அவர்கள் பெற்ற பிள்ளைகளின் மனநலமும் பாதிக்கப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. நம் உண்டு உறைவிடப் பள்ளிகள் அந்த நோக்கத்தில் தொடங்கியவை அல்ல. அவற்றில் படித்து மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தாலும், பேச்சு புரியாத இடத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் கார்டிசால் அந்த நோக்கத்தைப் படித்துப் பார்த்து இறங்கிவிடாது.

வளர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதில் நான் என்னையும் என் வகுப்புத் தோழர்களையும் பார்த்துக் கண்டுகொண்ட ஒன்று உண்டு. இது என் கவனிப்பு. ஆய்வின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் நோயைச் சொல்லமாட்டோம். விடுதியில் காய்ச்சல் என்று சொன்னால் நோயறையில் தனியாகப் படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போவது போய்விடும். அம்மா பிள்ளை என்று கேலி வேறு. ஆகவே மறைக்கக் கற்றோம். அந்த மறைப்பு எங்களோடு வளர்ந்தது. எங்களில் ஒருவன் 44 வயதில் நெஞ்சுவலியோடு இரண்டு நாள் கடையில் உட்கார்ந்திருந்தான், வாயு என்று சொல்லிக்கொண்டு. மனைவி கண்டுபிடித்து இழுத்துப் போனதால் பிழைத்தான். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதே, கண்ணாடிக் கடைக்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வேகவேகமாகச் சாப்பிடுவதும் எங்களுக்குப் பொது. இரண்டாவது கரண்டிக்கு வரிசை முடிந்துவிடும் என்ற அவசரம் இன்னும் கையில் இருக்கிறது.

ஆகவே விடுதியில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது எளிய செய்தி. 30 வயதுக்குமேல் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்; வந்தால் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடாதீர்கள். தூக்கம் கெட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், எந்த வயதில் வீட்டைவிட்டுப் போனீர்கள் என்பதையும் சேர்த்து. மனம் கனத்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்கும் இடத்தில், எங்கே வளர்ந்தீர்கள் என்றும் கேளுங்கள்.

பிள்ளையை அனுப்பவேண்டிய நிலையில் இருப்பவர்கள், முடிந்தால் எட்டாம் வகுப்பு வரையாவது வீட்டிலோ பாட்டி வீட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தைப் பார்க்காதீர்கள். இரவில் பிள்ளைகள் கூடத்தில் யார் படுப்பார்கள் என்று கேளுங்கள். அந்த ஆளிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். படுக்கை நனைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு விடையில் விடுதி முழுதும் தெரிந்துவிடும். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை போன் என்றால், நடுவில் இன்னொரு நாளும் கேட்டு வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்துவிட்டது. தமிழ்நாட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தனிச் சட்டமே வந்தது. உரிமம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவையுங்கள்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் வீட்டுச் சண்டையுமாக வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்குச் சிறுவயதில் தம்மேல் அக்கறை கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எங்களுக்கு அந்த ஒருவர் வாய்த்திருந்தார். கேத்தி பக்கத்தில் ஹட்டி என்னும் படுகர் ஊர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் வேலை பார்த்த படுகர் அம்மா. ஆயாம்மா என்று கூப்பிடுவோம். நான் சேர்ந்து நாலைந்து மாதம் கழித்து அவர் வந்தார். வந்த ஒரு வாரத்தில் ஈர விரிப்புகளைக் கண்டுகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவிலிருந்து எங்கள் மூன்று பேரையும் பின்னிரவில் தோளைத் தொட்டு எழுப்பி, கம்பளியைப் போர்த்தி, டார்ச்சோடு கழிப்பறைக்குக் கூட்டிப்போவார். அப்படியும் நனைந்துவிட்டால் விரிப்பை வெந்நீர் பாய்லர் பக்கத்தில் போட்டு, மற்றவர்கள் எழுவதற்குள் காய்ந்ததைக் கொண்டுவந்து விரித்துவிடுவார். கொடியில் எங்கள் விரிப்பு அதன்பிறகு தொங்கியதே இல்லை. அடுத்த கோடைக்குள் மூன்று பேருக்கும் நின்றுவிட்டது.

போன மாசியில் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். முகம் மறந்துவிட்டது, கட்டில் எண்ணைச் சொன்னதும் சிரித்தார். தேநீர் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்தில் காரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேலை, பிள்ளைகள், மாத்திரை என்று எல்லாம் விசாரித்துவிட்டு, "இரவில் தூக்கம் வருகிறதா, தம்பி?" என்று கேட்டார்.

"வருகிறது, ஆயாம்மா. ஆனால் மூன்று மணி ஆனால் விழிப்பு வந்துவிடுகிறது. பல வருடமாக இப்படித்தான்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் உங்களை எழுப்பிவிடும் நேரம்" என்றார்.